பிரிக்காமல் தின்ற பிரசாதம்

அத்தியாயம் 11

அமுதவல்லியின் முகம் வீங்கி, மூச்சு இழுக்க, ராத்திரியோடு ராத்திரியாக அவளைச் சேலத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதோடு சென்ற வாரம் நிறுத்திவிட்டேன். எட்டு வயதுப் பிள்ளையை அப்படி அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகலாமா என்று நீங்கள் என்னைத் திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள், பரவாயில்லை. பிள்ளை பிழைத்துவிட்டாள். காலையில் கண் விழித்ததும் அவள் முதலில் கேட்டது இட்லியாம், அதுவும் கெட்டிச் சட்னியோடு.

நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள். இந்த வாரத்துக்கு உங்களுக்குக் கிடைக்கிற நிம்மதி அவ்வளவுதான்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. கரடியூரில் விடிந்தும் விடியாத மாதிரி மூடுபனி. கொட்டகைக்குள் மேனகா தட்டிலிருந்து தாளை உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு மூலையை நகத்தால் நெம்பி, ஓரமாகப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தால் முழுத்தாளும் கிழியாமல் கையோடு வந்துவிடும். கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரியும்.

மேனகா இந்த வீட்டின் இரண்டாவது மருமகள், வெங்கடேஷின் மனைவி. மலையடிவாரத்துக் குப்பனூரில் பிறந்தவள், வேதியியல் படித்தவள். கல்யாணமாகி மேலே வந்தவள் சும்மா இருக்கவில்லை. சும்மா கிடந்த காப்பிக்கொட்டைக் கொட்டகையைக் கழுவித் துடைத்து, மரவள்ளி மாவையும் ஆரஞ்சுத் தோலையும் காய்ச்சித் தட்டில் ஊற்றி, தின்பண்டம் சுற்றுகிற தாள் செய்ய ஆரம்பித்தாள். மண்ணில் போட்டால் மக்கிவிடும். வாயில் போட்டால் நாக்கில் கரைந்துவிடும்.

ஆனால் ஏற்காட்டுப் பனிக்கு யாரிடமும் தயவு கிடையாது. பெட்டிக்குள் வைத்த தாள்கூட ஈரம் கோத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. கைட்டோசான் என்று ஒரு வெள்ளைப் பவுடர் சேர்த்த பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது. அதில் மலிவான வகையை இறால் ஓட்டிலிருந்து எடுப்பார்கள் என்று மேனகாவுக்குத் தெரியும். அதனால்தான் தேடித் தேடி, காளானிலிருந்து எடுக்கிற வகையை வாங்கினாள்.

மலையில் பிளாஸ்டிக் கூடாது என்றானபோது ஊர்ப் பெருமாள் கோயில் பிரசாதத்துக்கு அவள் தாள்தான் போயிற்று. கோயில் பூசாரி வேறு யாருமில்லை, வெங்கடேஷின் அண்ணன் மாதேஷ்தான். தினைமாவு உருண்டையை ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றித் தட்டில் அடுக்கி வைத்தால், "பிரிக்க வேண்டாமுங்க, அப்படியே வாயில போட்டுக்குங்க" என்று மாதேஷ் ஒவ்வொரு கையிலும் வைத்துச் சொல்வான். தம்பி பெண்டாட்டி செய்தது என்கிற பெருமை அவன் குரலில் தெரியும்.

கைபேசி அடித்தது. மலர். மாதேஷின் மனைவி, அமுதவல்லியின் அம்மா.

"மேனகா, பாப்பா நல்லாருக்குது கண்ணு. வீக்கம் நல்லா வடிஞ்சிருச்சு. இட்லி தின்னுட்டு ஊட்டுக்குப் போலாம்னு ஒரே ரகள."

"பெருமாள் காப்பாத்திட்டாருங்கக்கா. ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்ல."

"ஆனா இங்க ஒரு டாக்டரு கேட்டாரு பாரு ஒரு கேள்வி. எனக்குச் சிரிக்கறதா அழுவறதான்னே தெரியல."

"என்ன கேட்டாருங்கக்கா?"

"பாப்பா எறா, நண்டு ஏதாச்சும் தின்னுச்சான்னு கேக்கறாரு. ஏனுங்க டாக்டரு, நாங்க மலமேல இருக்கறவிங்க, என்ற புள்ள எறாவக் கண்ணுலகூடப் பாத்ததில்லீங்க. அதுவும் புரட்டாசி. கறிச்சட்டியவே பரண்மேல ஏத்திட்டோம், முட்டகூட ஒடைக்கறதில்லீங்கன்னு சொன்னேன். உடமாட்டேங்கறாரு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மான்னு மறுக்கா கேக்கறாரு. பூசாரி ஊட்டுப் பொம்பளகிட்டக் கேக்கற கேள்வியா அது?"

மேனகா சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். அடுத்த தட்டின் மூலையை நெம்பினாள்.

நெம்பிய நகம் அப்படியே நின்றது.

இறால். அந்தச் சொல்லை அவள் இந்தக் கொட்டகைக்குள் எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள், வேண்டாம் என்று விலக்குவதற்காக. காளான்தானே நம்முடையது, பிறகென்ன என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்ட பிறகும் நகம் நகரவில்லை.

பிள்ளைக்கு அரிப்பு எப்போது ஆரம்பித்தது? முதல் சனிக்கிழமைக்கு மறுநாள். காப்பித் தோட்டத்தில் கம்பளிப்பூச்சி ஊர்ந்திருக்கும் என்று மஞ்சள் அரைத்துப் பூசினார்கள். பிறகு விட்டு விட்டு வந்தது. இரண்டாம் சனிக்கிழமைக்குப் பிறகு உதடு தடித்தது. சவுக்குமரப் பூச்சி, தண்ணீர் மாற்றம், கண்ணேறு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நேற்று மூச்சே திணறிவிட்டது. பெருமாள் மாதத்தில் மட்டும் வருகிற கம்பளிப்பூச்சி எங்கே இருக்கிறது?

மேனகா கொட்டகையை விட்டு வெளியே வந்தாள்.

வெளியே சத்யராஜ் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெங்கடேஷின் கடைசித் தம்பி. சாமான் வாங்கி வருவது, தாளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் அவன் பொறுப்பு. வாய்க்கு வந்ததைப் பாடிக்கொண்டே வேலை செய்கிற பையன்.

"சத்யா, இந்தப் பவுடரு எங்க வாங்குன?"

"எந்தப் பவுடருங்க அண்ணி?"

"கைட்டோசான்."

பாட்டு நின்றது. "நீங்க கோயமுத்தூருக்கு ட்ரெயினிங் போயிருந்தீங்கல்ல, அப்பத் தீந்துபோச்சுங்க. எப்பவும் வாங்கற கம்பெனில ஸ்டாக் இல்லைன்னுட்டாங்க. புரட்டாசி பொறக்கப் போவுது, கோயிலுக்குத் தாள் குடுக்கணும். என்ன பண்றதுன்னு இருந்தப்ப, டவுன்ல நம்ம உரக்கடைல அதே பேருல இருந்துச்சுங்க. வாங்கிட்டு வந்துட்டேன்."

"உரக்கடையிலயா?"

"ஆமாங்க. கைட்டோசான்னுதான் போட்டிருந்துச்சு. வெள்ளையாத்தான் இருந்துச்சு. ஏனுங்க அண்ணி, நீங்களே அந்தத் தாளப் பாத்துட்டு, இதுவரைக்கும் இப்படி வந்ததே இல்லைன்னு சொன்னீங்களே."

சொன்னாள். மறுக்க முடியாது. பயிற்சி முடிந்து வந்ததும் அந்தப் பவுடரைப் போட்டுக் காய்ச்சி, பனியில் இரண்டு நாள் கிடந்தும் ஒட்டாத தாளைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரிக் குதித்தாள். ஏன் இவ்வளவு நன்றாக வந்தது என்று மட்டும் கேட்கவில்லை. படித்தவள் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அது.

"அந்தக் கடைக்காரருக்குப் போனப் போடு."

சத்யராஜ் ஸ்பீக்கரில் போட்டான். கடைக்காரர் நல்ல குஷியில் இருந்தார். "சொல்லுங்க தம்பி, மொளகுக்கொடி எப்படி இருக்குது? தெளிச்சதும் தளதளன்னு வந்திருக்குமே."

மேனகா போனை வாங்கிக்கொண்டாள். "ஏனுங்க, அந்தக் கைட்டோசான் எதுல இருந்து எடுக்கறதுங்க?"

"எறா ஓடுங்க, வேறென்ன? கடக்கரைல கம்பெனிகள்ல உரிச்சுப் போடறாங்கல்ல, அந்த ஓட்டக் காயவெச்சு அரைக்கறது. இது பயிருக்குங்கறதால நொம்பச் சுத்தம் பண்றதில்லீங்க. ஏன், வேறெதுக்காச்சும் வேணுமா? சாப்பாட்டுக்குன்னா வேற கிரேடுங்க, அது நம்மகிட்ட இல்ல."

"சரிங்க" என்று சொன்னது மேனகாவின் வாய்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. போனைச் சத்யராஜிடம் நீட்டினாள்.

சத்யராஜின் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. "அண்ணி, நான் கேக்கலீங்க. பேரு ஒண்ணு, அதனால பொருளும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன். சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

அவன் மேல் கோபப்பட நினைத்தாள். வரவில்லை. இவர்கள் வீட்டில் மிளகுக்கு, காப்பிக்கு, கத்தரிக்காய்க்கு எல்லாம் அந்த உரக்கடையில்தான் வாங்குவார்கள். அப்பா காலத்திலிருந்து அந்தக் கடைக்காரர் சொல்வதுதான் வேதம். பேர் எழுதியிருந்தது, வாங்கி வந்துவிட்டான். அவளுக்குக் கோபமெல்லாம் தன் மேல்தான். வாயில் போடுகிற பொருளைச் செய்கிறவள், வந்த பவுடர் என்ன ஏது என்று பார்க்காமலே காய்ச்சியிருக்கிறாள்.

கொட்டகைக்குள்ளிருந்து கண்ணாயியின் குரல் கேட்டது. தாள் வெட்டுகிற கண்ணாயி, வெட்டி விழுகிற ஓரத்தையெல்லாம் அரிசி அப்பளம் மாதிரி மென்றுகொண்டே வேலை செய்வாள். புரட்டாசியில் கறிக்கடை இருக்கிற தெருவிலேயே நடக்கமாட்டாள், மூக்கில் வாடை பட்டால் விரதம் போய்விடும் என்பாள். இந்த மாதம் முழுக்க அவள் மென்றது என்ன?

அவள் மட்டுமா? கரடியூர், கொட்டச்சேடு, அக்கம்பக்கத்து எஸ்டேட் லைன் வீடுகள். இரண்டு சனிக்கிழமை வந்த கூட்டம் பூராவும் பெருமாள் சந்நிதியில் நின்று, கண்ணில் ஒற்றி, இறால் ஓட்டை வாயில் போட்டுக்கொண்டு போயிருக்கிறது. அதைக் கொடுத்தது பூசாரி. அந்தப் பூசாரி இந்த மாதம் முழுவதும் ஒருவேளைச் சோறும் துளசித் தண்ணீருமாக இருக்கிறவன்.

"அண்ணி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க" என்றான் சத்யராஜ். குரலைத் தாழ்த்தியிருந்தான். "இத வெளிய சொன்னா நம்ம குடும்பம் இந்த ஊருல இருக்க முடியாதுங்க. பெரியண்ணன் கோயில் பக்கம் தல காட்ட முடியாது. இன்னைக்குத் தாள் கெட்டுப்போச்சுன்னு சொல்லி வாழ எலைல குடுத்துரலாம். இருக்கற தாள, பவுடர எல்லாம் நான் குழி தோண்டிப் பொதச்சுடறேன். இனிமே யாரும் திங்கப்போறதில்ல. பாப்பாவும் திங்கப்போறதில்ல. அப்பறம் யாருக்கு என்ன தெரியப்போவுது?"

"டாக்டருகிட்டச் சொல்லணும் சத்யா."

"பொழுதோட நீங்களே நேருல போயி டாக்டர்கிட்டத் தனியாச் சொல்லிருங்க. மலரண்ணிக்குத் தெரிய வேண்டாம். பாப்பாதான் நல்லாருக்குதுன்னாங்கல்ல?"

நல்லவள்தான் மேனகா. நான் பத்து வாரமாக உங்களிடம் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன், இப்போதும் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் பயம் என்று ஒன்று இருக்கிறதே. அடிவாரத்திலிருந்து வந்த மருமகள், படித்த மருமகள், கோயிலுக்கே தாள் கொடுத்த மருமகள் என்று இந்த ஊரில் அவளுக்கு ஒரு இடம் கிடைத்திருந்தது. அது ஒரே நாளில் போய்விடும். பிள்ளை ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருக்கிறாள், அங்கே உருண்டை எப்படிப் போகும் என்று அவள் மனசு அவளுக்கே சமாதானம் சொல்லிற்று.

"சரி. பாத்திரத்த எடு. புது உருண்ட புடிக்கலாம்" என்றாள்.

அன்று காலை முழுக்க மேனகா செய்த வேலை அதுதான். தினைமாவில் வெல்லப்பாகை ஊற்றிக் கிளறினாள். கண்ணாயி உருட்டினாள். சத்யராஜ் வாழையிலை அறுத்து வந்தான்.

"ஏன் அம்மணி, தாளு நல்லாத்தான இருக்குது? எதுக்கு இந்தக் கூத்து?" என்று கேட்டாள் கண்ணாயி.

"பூசணம் புடிச்சிருச்சுங்க."

"எங்க? என்ற கண்ணுக்கு ஒண்ணும் தெரியலியே." கண்ணாயி ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஓரத்தைக் கிழித்து வாயருகே கொண்டுபோனாள். மேனகா அதை வெடுக்கென்று பிடுங்கினாள். கண்ணாயி திகைத்துப் போனாள். "கேட்டாக் குடுத்திருப்பேனே" என்று முனகிவிட்டு, மாவைப் பிசையத் தொடங்கினாள். அவளுக்கு மனசு கசந்துவிட்டது என்று மேனகாவுக்குத் தெரிந்தது. பிடுங்கிய தாளைக் கசக்கி அடுப்பில் போட்டாள்.

கோயில் ஊருக்கு மேற்கே கரட்டின் மேல் இருக்கிறது. வேனில் கூடைகளை ஏற்றிக்கொண்டு அவர்கள் போனபோது பனி விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. உச்சிப் பூசைக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. நாமம் போட்ட குழந்தைகள் படிக்கட்டில் ஏறி இறங்கி விளையாடின.

மாதேஷ் துளசி மாலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆஜானுபாகு. குரல் மட்டும் மெல்லியது. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்க, மூன்றாம் சனிக்கிழமைப் பூசையை விட்டுவிட்டுப் போக முடியாமல் இங்கே இருக்கிறான். கண்கள் சிவந்திருந்தன. அவன் பக்கத்தில், முந்தின நாளே வந்துவிட்ட தாள் சுற்றிய உருண்டைத் தட்டுகள் மஞ்சள் துணி போர்த்தி இருந்தன.

"மாமா, தாள்ல ஈரம் கோத்துருச்சுங்க" என்றாள் மேனகா. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம். "இன்னைக்கு வாழ எலைல குடுத்துரலாமுங்க. புதுசா உருட்டிக் கொண்டாந்துட்டோம்."

"அதுக்கென்ன கண்ணு, குடுத்துரலாம். பெருமாளுக்கு எலைல வெச்சாலும் ஒண்ணுதான், உன்ற தாள்ல வெச்சாலும் ஒண்ணுதான்."

அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை. மேனகாவுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. சத்யராஜ் பழைய தட்டுகளைத் தூக்கக் குனிந்தான்.

"பாப்பாவுக்குத்தான் தாள் சுத்துனது புடிக்கும்" என்றான் மாதேஷ், மாலையைக் கட்டிக்கொண்டே. "நல்ல வேள, அவளுக்குக் காத்தாலயே குடுத்தனுப்பிட்டேன்."

"என்னதுங்க மாமா?"

"உருண்டதான். வெங்கடேசன் மலருக்குத் துணிமணி எடுத்துட்டு பைக்குல போனானில்ல, இப்படி வந்துட்டுத்தான் போனான். பெருமாள் பாதத்துல வெச்சு எடுத்துக் குடுத்தேன்."

மேனகா அந்தத் தட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். மாதேஷ் அதைக் கவனிக்கவில்லை. பிள்ளையைப் பற்றிப் பேச ஓர் ஆள் கிடைத்துவிட்டால் போதும் என்கிற நிலைமையில் அவன் இருந்தான்.

"யார்கிட்டயும் நான் சொல்லல கண்ணு. மொத வாரம் பாப்பாவுக்கு அரிப்பு வந்துச்சே, அன்னைக்கே வேண்டிக்கிட்டேன். புரட்டாசி முடியற வரைக்கும் சனிக்கெழம மிஞ்சுன உருண்டைல காத்தால ஒண்ணு, பொழுதோட ஒண்ணு, பூச முடிஞ்ச கையோட என்ற கையாலயே ஊட்டறேன், நீதான் கொணமாக்கணும்னு. அரிப்பு சாஸ்தியாக சாஸ்தியாக நானும் உடல. நேத்துப் பொழுதோட நொம்பத் துடிச்சா. பாவம், இன்னொண்ணு சேத்து ஊட்டுனேன்."

சத்யராஜ் தட்டைக் கீழே வைத்தான். அண்ணன் முகத்தையும் அண்ணி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

மேனகா கைபேசியை எடுத்தாள். வெங்கடேஷுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். வண்டி ஓட்டுகிறவன் எடுக்கமாட்டான். அப்படி எடுக்கக் கூடாது என்று அவனிடம் சண்டை போட்டு வைத்திருப்பவளே அவள்தான்.

"என்ன கண்ணு ஆச்சு? யாருக்குப் போடற?"

இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒளித்தது போதும் என்றும் அவளுக்குத் தோன்றியது. "மாமா, அந்தத் தாள்ல எறா ஓடு இருக்குதுங்க" என்றாள்.

மாதேஷுக்குப் புரியவில்லை. "என்ன இருக்குது?"

"எறா ஓட்ட அரைச்ச பவுடருங்க. பயிருக்குத் தெளிக்கறது. உரக்கடைல வாங்குனது, மாறிப்போச்சுங்க. நான் பாக்காமக் காய்ச்சிட்டேன். பாப்பாவுக்கு அதுதான் ஒத்துக்கலீங்க மாமா. கம்பளிப்பூச்சி இல்ல, தண்ணி இல்ல. அதுதானுங்க."

திட்டப் போகிறான் என்று நினைத்தாள். விரதத்தைக் கெடுத்தாய், கோயிலைக் கெடுத்தாய் என்று கூட்டத்தின் நடுவில் கேட்கப் போகிறான் என்று நினைத்தாள். அந்தப் பேச்சுக்குத்தான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். மாதேஷ் அதையெல்லாம் நினைக்கவே இல்லை. மடியில் கிடந்த தன் வலது கையைப் பார்த்தான்.

"நாந்தான் ஊட்டுனேன்" என்றான். யாரிடமோ சொல்வது போல மறுபடியும் சொன்னான். "வேண்டாம்ப்பா, வாய் அரிக்குதுன்னு சொன்னா கண்ணு. சாமி பிரசாதத்த வேண்டாம்னு சொல்லக் கூடாதுன்னு நாந்தான் வாயத் தொறக்க வெச்சு ஊட்டுனேன்."

சத்யராஜ் தூணில் சாய்ந்து அழ ஆரம்பித்தான். மேனகாவுக்கு அழுகை வரவில்லை. மலரின் எண்ணை அழுத்தினாள். மாதேஷ் கை நீட்டி அந்தப் போனை வாங்கிக்கொண்டான்.

"மலரு, வெங்கடேசன் வந்துட்டானா?"

"வந்துட்டாருங்க. அப்பவே வந்தாச்சு, போன வண்டிலயே உட்டுட்டாராம்." ஸ்பீக்கரில் மலரின் குரல் தெளிவாகக் கேட்டது. சந்தோஷமான குரல். "பாப்பா மொகம் கழுவிட்டு உக்காந்திருக்குது."

"உருண்டயக் குடுத்தராத. கேக்குதா? குடுத்தராத."

"ஏனுங்க? இப்பத்தான பிட்டு ஊட்டுனேன். கெழக்கப் பாத்து உக்கார வெச்சு ஊட்டணும்னு நீங்க சொல்லியுட்டதா தம்பி சொன்னாரு. அப்படித்தான் ஊட்டுனேன்."

மேனகா போனைப் பறித்துக்கொண்டாள்.

"அக்கா, துப்பச் சொல்லுங்க. வாயக் கொப்புளிக்க வைங்க. டாக்டரக் கூப்புடுங்க, ஒடனே. காத்தால கேட்டாருல்ல, அவரு கேட்டது சரிதானுங்க. நம்ம தாள்ல எறா ஓடு கலந்துபோச்சு. அதத் தின்னுதான் பாப்பாவுக்கு இப்படி ஆகுது. அப்படியே அவருகிட்டச் சொல்லுங்க."

போன் எங்கோ விழுகிற சத்தம். "துப்பு சாமி, துப்பு, துப்பு" என்று மலரின் குரல் தூரத்தில் கேட்டது. வெங்கடேஷ் நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடுவது கேட்டது. கட்டில் இழுபடுகிற சத்தம், யார் யாரோ பேசுகிற சத்தம். நடுவில் அமுதவல்லி இருமினாள். இருமல் நிற்கவில்லை.

இங்கே கோயிலில் கூட்டம் வரிசை கட்ட ஆரம்பித்திருந்தது. "பூசாரி, நேரமாச்சுங்களே" என்றார் முன்னால் நின்ற ஊர்க்காரர் பெரியசாமி. மாதேஷ் காதில் அது விழவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

வெகுநேரம் கழித்து மலர் போனை எடுத்தாள். மூச்சு வாங்கியது.

"ஊசி போடறாங்க. ஆக்ஸிஜன் வெச்சிருக்காங்க. என்னைய வெளிய போகச் சொல்லிட்டாங்க."

"நாங்க இப்பவே கெளம்பி வர்றமுங்கக்கா."

"மேனகா." அந்தக் குரலில் 'கண்ணு' என்கிற செல்லம் இல்லை, சந்தோஷம் இல்லை, அழுகைகூட இல்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லு. இது உனக்கு எப்பத் தெரியும்?"

இப்பத்தானுங்கக்கா என்று சொல்லிவிடலாம். சத்யராஜ் காட்டிக் கொடுக்கமாட்டான். கண்ணாயிக்கு ஒன்றும் தெரியாது. ஒரு சொல், அதோடு அவள் தெரியாமல் செய்தவளாகவே இருந்துவிடலாம். மாதேஷ் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவன் கண்களும் அதே கேள்வியைத்தான் கேட்டன.

"காத்தாலயே தெரியுமுங்கக்கா" என்றாள் மேனகா. "நீங்க போன் பண்ணி வெச்ச கொஞ்ச நேரத்துலயே தெரியும். அவரு உங்ககிட்ட வந்து சேர்றதுக்கு நொம்ப முன்னாடியே."

மலர் திட்டவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.

மாதேஷ் மெல்ல எழுந்தான். தம்பி பெண்டாட்டியைப் பார்க்காமல், மஞ்சள் துணியோடு அந்தத் தட்டைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான். வரிசையில் கை நீட்டி நின்ற ஊரை நோக்கி நடந்தான்.

"யாரும் கை நீட்ட வேண்டாமுங்க" என்றான். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."